அலமாரிக்கு மேல் ஒரு பெட்டி

திருடனைப் பிடிக்க ஏகாம்பரம் ஒரு வீடு கட்டினார். செங்கல் வாங்கவில்லை, கொத்தனாரைக் கூப்பிடவில்லை. முழுக்க முழுக்கக் கணினியில் கட்டினார்.

அது மலாக்காவின் காஜா பேராங்கில் அவர் பிறந்த வீடு. இப்போது அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் கோடு பிசகாமல் வந்தது. அதோடு நிறுத்தவில்லை. பக்கத்து வீடு, கிணறு, முடிதிருத்தும் கடை என்று 1956-ஆம் ஆண்டுத் தெருவையே இணையத்தில் எழுப்பிவிட்டார். யாரும் ஒரு பொம்மை உருவமாக உள்ளே நுழையலாம், சுற்றலாம், சாமான்களை இடம் மாற்றலாம். யார் எதைத் தொட்டார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"பழைய நினைவா அங்கிள்?" என்று பாராட்டினார்கள்.

நினைவாவது மண்ணாவது!

அந்த 1956 பிப்ரவரியில், மலாயாவுக்குச் சுதந்திரம் எந்த நாள் என்று அறிவிப்பதைக் கேட்க மலாக்காவே திடலுக்குத் திரண்டது. ஏகாம்பரத்தின் வீட்டிலும் எல்லாரும் போனார்கள். மறுநாள் பார்த்தால், அக்கா அன்னம்மாவின் கல்யாண நகைப்பெட்டியைக் காணோம். விஷயம் காதில் விழுந்ததும், அக்காவைப் பெண் பேசியிருந்த ஜாலான் பெண்டஹாரா சாலைத் துணிக்கடைக்காரர் தம் மகனுக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டார்.

அன்று தெருவில் தங்கியவர் பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை ஒருவர்தான். காய்ச்சலாம். அடுத்த ஆண்டு, சுதந்திரம் வந்த கையோடு, "நகை எதுக்கு, பொண்ணு போதும்" என்று அவரே அன்னம்மாவைக் கட்டிக்கொண்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. நகையையும் சுருட்டிக்கொண்டு பெண்ணையும் சுருட்டிக்கொண்டவரை எந்த வாயால் அத்தான் என்று கூப்பிடுவது? ஊரெல்லாம் திருடன் என்றே சொல்லிவைத்தார். செமாபோக்கில் இருக்கும் அக்கா வீட்டில் இன்றுவரை பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி அன்னம்மா அழைப்பாள். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில், விளக்கும் ஆடும் மயிலுமாக அழைப்பு வரும். "இந்த வருஷமாவது சாப்பிட வா தம்பி."

"அந்த ஆளு ஒத்துக்கட்டும், வர்றேன்." அதற்கு மேல் பேச்சு நகராது. எண்பதை நெருங்கும் வயதில், அக்கா கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கும் இருந்தது. ஆனால் ரோஷம் விடவில்லையே!

வழியை இணையமே காட்டியது. "கிணறு எந்தப் பக்கம் இருந்தது?" என்று பழைய தெருக்காரர்களிடம் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எரிச்சலில் கிணற்றைத் தப்பான பக்கத்தில் தோண்டி வைத்தார். அவ்வளவுதான், பினாங்கிலிருந்தும் பெர்த்திலிருந்தும் திருத்த ஓடி வந்துவிட்டார்கள். கேட்டால் சொல்லாதவர்கள்கூட, தப்பைக் கண்டால் சும்மா இருப்பதில்லை.

நகைப்பெட்டி அன்று இருந்தது அரிசி ஜாடிக்குள். திடலுக்குப் போவதற்கு முந்தின இரவு அம்மா அதில் ஒளித்து வைத்திருந்தாள். 'அரிசியிலா வச்சே?' என்று அப்பா பாய்வாரே என்ற பயத்தில், அலமாரிக்கு மேல் வைத்ததாகவே எல்லாரிடமும் சொன்னாள். உண்மையை ஏகாம்பரத்திடம் மட்டும், அதுவும் சாகக் கிடந்தபோதுதான் சொன்னாள். ஆக, அந்த இடம் தெரிந்த இன்னோர் ஆள் திருடன்தான்.

ஏகாம்பரம் கணினி வீட்டில் பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்தார். பொன்னுதுரைக்கு அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு மாலையில் 'பொன்னுதுரை' என்ற பெயரோடு ஓர் உருவம் உள்ளே வந்தது. கூடத்தில் சற்று நின்றது. அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்தது. நேராக அடுக்களைக்குப் போய் அரிசி ஜாடிக்குள் வைத்து மூடிவிட்டு வெளியேறியது.

ஏகாம்பரம் அந்தப் பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டார். காரைக் கிளப்பிக்கொண்டு செமாபோக்குக்குப் பறந்தார்.

"பாருங்க! உங்க பேரு, உங்க கைவேலை!" என்று போனைப் பொன்னுதுரையின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இப்பவாவது ஒத்துக்குங்க!"

நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்த பொன்னுதுரை, போனுக்குச் சற்றுத் தள்ளி எங்கோ பார்த்தார். "எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு மச்சான். வீட்டுக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா. என் போனை உங்க அக்காதான் பார்க்கிறா."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அன்னம்மா வந்தாள். "நான்தான் எடுத்து வச்சேன் தம்பி. தப்பான இடத்துலே இருந்துச்சு, மனசு கேக்கலே."

"அம்மா உன்கிட்டயும் சொன்னாங்களா?"

"அவங்க எங்கே சொன்னாங்க? அன்னைக்குத் திடலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, சோத்துக்கு அரிசி அளந்தது யாரு? நான்தானே!"

பொன்னுதுரையின் கோப்பை சாய்ந்து தேநீர் கைலியில் வழிந்தது. அவருக்கும் இது புதுச் செய்திதான்.

"துணிக்கடைக்காரர் மகன் எனக்கு வேணாம், இவருதான் வேணும்னுதான் பெட்டியை எடுத்து ஒளிச்சேன். வாயைத் திறந்து சொன்னா அப்பா கொன்னே போட்டிருப்பாரு. கல்யாணம் ஆனதும் மெதுவா எடுத்துப் போட்டுக்கலாம்னு பார்த்தேன். அதுக்குள்ளே நீ இவரைத் திருடன்னு சொல்லி வச்சிட்டே. அதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி வெளியே போறது?"

ஏகாம்பரம் நீட்டிய போனை இறக்கினார். "அப்போ... அந்த நகையெல்லாம்?"

அன்னம்மா அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அரிசி ஜாடியிலேதான் இருக்கு தம்பி. நீ ஒரு நாள் சாப்பிட வந்தா சொல்லிடலாம்னுதான் தீபாவளிக்குத் தீபாவளி கூப்பிட்டேன், நீதான் வரவே இல்லியே!"