தேன் நிறப் பிசின்

கொண்டம்மாளின் துவரைக் காட்டில் வாடல் நோய் விழுந்து, செடிகளெல்லாம் நின்ற வாக்கிலேயே காய்ந்துபோயின, ஒன்றைத் தவிர. அவள் புருஷன் பெருமாள்சாமி பட்ட செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தான். அவள் செத்த தண்டு ஒன்றைக் கத்தியால் நெடுகப் பிளந்து பார்த்தாள். வேரிலிருந்து கொண்டை வரைக்கும் கறுப்புக் கோடு ஓடியிருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். பிறகு அந்தப் பச்சைச் செடியின் அருகில் போய்க் குந்தினாள்.

“ஏட்டி, அதையும் அறுத்துறாத. விதைக்கு மிச்சம் அது ஒண்ணுதான்” என்று அவன் கத்தினான்.

“அறுக்கல. உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துக்கிடுதேன்.”

தூரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி, இலேசாக விரித்தாள். இதற்குள்ளும் கறுப்பு ஏறியிருந்தது. ஆனால் பாதி விரல் உயரத்திலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில், தண்ணீர் ஏறும் துளைகளைச் செடியே பிசின் வைத்து அடைத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கிளை ஒன்று தண்ணீரில்லாமல் காய்ந்து தொங்கியது.

“தன் தொண்டையத் தானே அடச்சிருக்கு, வந்து பாருங்க.”

அவன் வரவில்லை. கீறலை மூடி, பழைய துணியால் கட்டிவிட்டுப் போனாள். கீறியதால் அதுவும் பட்டுப்போகுமோ என்ற பயம் வீடுவரை கூடவே வந்தது.

விடிந்ததும் கத்தியும் கையுமாக ஓடிவந்து துணியை அவிழ்த்தாள். இலை வாடவில்லை. அவள் கத்தி போன தடம் முழுக்கத் தேன் நிறத்தில் பிசின் கசிந்து இறுகியிருந்தது. கறுப்பை மறித்த அதே பிசின், இப்போது அவள் கத்தியையும் மறித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், அசையவில்லை.

கொண்டம்மாள் கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.