பூதம் காத்த அறை

வாயாடி படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. புறங்கையால் தட்டிவிட்டு அவள் தொடர்ந்தாள்.

“ந…த்…தை… நத்தை. மழை… நின்…றதும்… நத்தை…”

புது டீச்சர் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டாள். மூன்றாம் வகுப்பில் ஊர்க்கதை அளக்க இவளை மிஞ்ச ஆளில்லை. எழுத்தைக் காட்டினால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். இன்று அந்தப் பூட்டு திறந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் பாயில் மொத்த வகுப்பும் கால்மடக்கி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மடியிலும் ஒரு புத்தகம். இதற்காகத்தான் புது டீச்சர் நாயாய்ப் பேயாய் அலைந்தாள்.

பழைய டீச்சர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து பள்ளிக்கூடத்தின் நூலக அறை பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூதம்.

இருந்த காலத்திலும் அவர் ஒரு பிள்ளையையும் உள்ளே விட்டதில்லையாம். வெயிலோ மழையோ, வெளியே சன்னலடியில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் உள்ளேயிருந்து கம்பிகளுக்கிடையே புத்தகத்தை நீட்டுவார். யாராவது வாசற்படியில் கால் வைத்தால் பள்ளிக்கூடமே அதிர ஒரு கத்தல்: “உள்ள வராதே! சன்னலுக்கு வா!”

புதையல் காத்த பூதமேதான் என்று புது டீச்சருக்கும் பட்டது. சன்னல் விளிம்பின் மரம் சின்ன முழங்கைகள் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

சாவியைக் கொடுக்கும்போது தலைமையாசிரியை இழுத்தார். “தூசி தட்டுங்க, வெள்ளையடிங்க, என்னமோ செய்யுங்க. ரிப்பேர் கிப்பேர்னு மேல எழுதி மட்டும் வச்சிடாதீங்கம்மா. இருக்கிறதே ஒரு கைப்பிடி பிள்ளைங்க. இழுத்து மூட ஒரு சாக்கு கிடைக்காதான்னு பார்த்துக்கிட்டிருக்காங்க.”

அவள் எழுதவில்லை. கரையான் தின்றதை எரித்தாள். ஈரம் பட்டதை வெயிலில் விரித்தாள். கிழிந்ததை ஒட்டினாள். பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தட்டில் அடுக்கினாள்.

ஒரே ஓர் இடைஞ்சல்தான். அறையின் நட்டநடுவில் ஓர் அலமாரி. கெட்டி மரம், ஆளுயரத்துக்கு மேல். அதன் உச்சியில் ஒரு தடித்த கட்டை, உத்தரத்தை முட்டிக்கொண்டு அசையாமல் இறுகியிருந்தது. புத்தி உள்ளவர் யாராவது அறை நடுவில் அலமாரி வைப்பார்களா?

போன சனிக்கிழமை தச்சர் வந்து, சம்மட்டியால் அடித்து அடித்துக் கட்டையைப் பெயர்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “என்ன டீச்சர், அலமாரி வச்சிருக்காங்களா, தூண் நட்டிருக்காங்களா?” என்றார்.

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அலமாரி சுவரோரம் போயிற்று. அது நின்ற இடத்தில் பாய் விரிந்தது. அந்தப் பாயின் நடுவில்தான் இப்போது வாயாடி.

மறுபடியும் உதிர்ந்தது. இந்த முறை அவள் தலையில்.

அடித்த சுண்ணாம்பு சரியாகப் பிடிக்கவில்லை போலும் என்று புது டீச்சர் அண்ணாந்து பார்த்தாள்.

உத்தரத்தில் ஒரு விரிசல். அதை முன்பே பார்த்திருக்கிறாள். பழைய மரம், வெடிக்காமல் இருக்குமா? விரிசலின் குறுக்கே சின்னச் சின்னப் பென்சில் கோடுகள். அவற்றையும் பார்த்திருக்கிறாள். எந்தக் காலத்துத் தச்சரோ போட்ட அளவு என்று விட்டுவிட்டாள்.

அளவு என்றால் இடைவெளி ஒரே சீராக இருக்கும். இவை அப்படி இல்லை. பிள்ளை வளர வளரச் சுவரில் உயரம் குறித்து வைப்பார்களே, அதுபோல இருந்தன. ஒவ்வொரு கோடும் விரிசல் ஒரு சமயம் வந்து நின்ற இடம்.

கடைசிக் கோடு, கட்டை அழுந்திய தடத்துக்கு அருகில் இருந்தது.

விரிசல் அங்கே நிற்கவில்லை. தடத்தைத் தாண்டிச் சுவரை நோக்கி ஓடியிருந்தது.

மேலே மரம் லேசாக முனகியது.

கத்தினால் பிள்ளைகள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடும். வாசலோ ஒன்றுதான், அதுவும் குறுகல்.

“வாயாடி, நிறுத்தாதடா கண்ணு,” என்றாள், குரலை இழுத்துப் பிடித்து. “படிச்சுக்கிட்டே எழுந்து வெளிய நட. மத்தவங்கல்லாம் நத்தைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே அவ பின்னால போங்க, பார்ப்போம்.”

பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டு. நத்தை ஒவ்வோர் எழுத்தாக வாசலைத் தாண்டியது. அதன் பின்னால் வகுப்பு.

கடைசிப் பிள்ளையும் படி இறங்கியது. வகுப்பின் கடைக்குட்டி மட்டும் சட்டென்று திரும்பினாள். தன் புத்தகத்தைப் பாயிலேயே விட்டுவிட்டாள். படியில் கால் வைத்தாள்.

“உள்ள வராதே! சன்னலுக்கு வா!”

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அது தன் குரல்தான் என்று புது டீச்சருக்கே பிடிபடச் சற்று நேரமாயிற்று.

கடைக்குட்டி உதடு பிதுங்கச் சன்னலுக்குப் போனாள். பக்கத்தில் வாயாடி கிசுகிசுத்தாள்: “இந்த டீச்சரும் பூதமாயிட்டாங்கடீ.”

புது டீச்சர் பாயிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை ஊதினாள். சன்னலுக்குப் போய்க் கம்பிகளுக்கிடையே நீட்டினாள்.

அப்போதுதான் காலடியில் ஏதோ பள்ளமாகப் பட்டது. குனிந்து பார்த்தாள்.

சன்னலின் உள்பக்கம், சிமெண்டுத் தரை, ஒரே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.