ஏழு குப்பி ரத்தம்

2013 ஜூலை 12, கடியப்பட்டணம். வியாகுலம்மாளின் ஆடுகளிடமிருந்து எடுத்துச் சென்னைக்கு அனுப்பிய ஏழு குப்பி ரத்தத்துக்கும் பரிசோதனை முடிவு வந்தது.

“அஞ்சுக்கு ஒண்ணுமில்லக்கா. ரெண்டுக்குத்தான் நோய் இருக்கு” என்றார் கால்நடை மருத்துவர் அஞ்சலி, ஸ்கூட்டரை நிறுத்தியபடியே.

“ரெண்டுக்கா?” வியாகுலம்மாளின் கையிலிருந்த பலா இலைகள் நழுவின. “ஒண்ணுக்கும் இருக்காதே டாக்டரம்மா!”

“ஏட்டி, மெஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்?” என்றான் அவள் கணவன் மரியஜான். அவன் வாசலில் தூண்டில் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான்.

அஞ்சலி தாளைப் பிரித்தார். “ஒண்ணு, பவளம்.”

மூவரும் பவளத்தைப் பார்த்தார்கள். முன்னங்கால் முட்டி தேங்காய்க் குரும்பை அளவுக்கு வீங்கி, மூன்று காலில் நின்றது அது. ஒரு மாதத்துக்கு முன் தெருவில் இந்த முட்டியைப் பார்த்துத்தான், ஏழு ஆடுகளுக்கும் ரத்தம் சோதிக்க வேண்டும் என்று அஞ்சலி சொல்லியிருந்தார்.

“இது நான் நெனச்சதுதான். ஒரு வைரஸ். மூட்டு வீங்கும், நடை போகும். தாய்ப்பால் வழியா குட்டிக்கும் போகும். மருந்து கெடையாது, கறிக்குக் குடுக்குறதுதான் வழி.”

“ரெண்டாமத்தது?”

“சிப்பி.”

சிப்பி, பவளத்துடன் ஒரே ஈற்றில் பிறந்தது. அதே தவிட்டு நிறம், நெற்றியில் அதே வெள்ளை. அந்நேரம் அது பக்கத்து வீட்டு மதில்மேல் ஏறி, முருங்கையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

மரியஜான் சிரித்துவிட்டான். “மதிலு சாடுகதப் பாருங்க டாக்டரம்மா. அதுக்கு நோயின்னா எனக்கும் நோயிதான்.”

“இந்த வைரஸ் அப்படித்தாங்க. வருஷக்கணக்கா ஒடம்புல ஒளிஞ்சு கெடக்கும். சில ஆடு சாகுற வரைக்கும் வெளிய காட்டாது. ரத்தத்துலதான் பிடிக்க முடியும். ரெண்டுக்கும் அளவுகூட ஏறக்குறைய ஒண்ணா இருக்கு. ரெட்டை இல்லியா, ஒரே தாய்கிட்ட குடிச்ச பாலு.”

“அப்ப சிப்பிக்கு உண்டு…” வியாகுலம்மாள் மெதுவாக இழுத்தாள். “பவளத்துக்கு…”

“பவளத்துக்கும்தான். எழுதியிருக்கே.”

அவள் போய் பவளத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “சிப்பியக் கொண்டு போங்க. எனக்க பவளத்த விட்டிருங்க.”

“நல்ல நியாயம்! சாடுகத அறுக்கணும், நொண்டுகத வச்சு வளக்கணுமா?”

“கால் ஒடிஞ்சு நீங்க மூணு மாசம் கெடந்தப்ப இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சது இதுக்க பாலுலயாக்கும். அதெல்லாம் மறந்தாச்சு, இல்லியா?”

மரியஜான் மறுபடி கயிற்றுக்குள் குனிந்துகொண்டான்.

அஞ்சலியின் குரல் தணிந்தது. “கட்டாயம் இல்லக்கா. ஆனா ரெண்டையும் வச்சிருந்தீங்கன்னா இனி பொறக்குற குட்டிக்கெல்லாம் நோய் போகும். நோயில்லாத ஆடு வச்சிருக்கவங்களுக்குத்தான் அரசாங்கம் கொட்டகை கட்டிக் குடுக்கும். கறிக்குக் குடுத்திருங்க, தின்னுறவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. எங்க உதவியாளர் ஜெபதாஸ், ரத்தம் எடுத்துட்டு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? மத்த வீட்டுல எல்லாம் ஆட்ட ஒளிச்சு வைக்கிறாங்களாம். நீங்க ஒருத்தர்தான் ஏழையும் ஒவ்வொண்ணா பேரு சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தினீங்களாம். அதுக்காகவே கொட்டகைப் பட்டியல்ல உங்க பேர முதல்ல எழுதியிருக்கேன்.”

“அன்னைக்கு நான் கடல்ல” என்றான் மரியஜான் பெருமையாக. “எல்லாம் இவ ஒருத்தி நின்னு செஞ்சது.”

வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இன்னொருக்கா ரத்தம் எடுத்துப் பாக்க முடியாதா டாக்டரம்மா?”

“எடுக்கலாம். ஆனா காரணம் எழுதணுமே. அன்னைக்கு ரத்தம் எடுத்ததுல ஏதாவது கொழப்பமா?”

அவள் அஞ்சலியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பவளம் அவள் சேலையை மென்றுகொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மணவாளக்குறிச்சியிலிருந்து கறிக்கடை ரத்தினம் வந்து இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வியாகுலம்மாள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்த நேரத்தில் ரத்தினம் திரும்பி வந்தார். மடித்த காகிதத்தை மரியஜானின் கையில் வைத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று இருந்தது.

“ஒனக்க தூண்டிலு மீனத் தவிர எல்லாத்தையும் பிடிக்கும் போல மரியஜானே. அந்த நொண்டி ஆட்டுக்க முட்டிக்குள்ள கெடந்தது. சுத்தியும் சீழு. மத்த மூட்டெல்லாம் பொன்னு போல இருந்துது.”

மரியஜான் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் சிவந்தது.

“அப்ப சென்னைக்காரன் பொய்யா எழுதி விட்டிருக்கான்! நல்ல ஆட்டையில்லா கொல்லக் குடுத்திருக்கோம்! நாளைக்கே போய் டாக்டரம்மாகிட்டக் கேக்கேன். விடமாட்டேன்!”

“போவாண்டாம்” என்றது அடுக்களைக்குள்ளிருந்து வியாகுலம்மாளின் குரல். “அவங்க எழுதினது செரிதான்.”

ஜெபதாஸ் ரத்தம் எடுக்க வந்த அன்று பவளம் அந்த அடுக்களைக்குள்தான் கட்டிக் கிடந்தது. அதன் பெயரைச் சொல்லி, இரண்டாம் தடவையாக அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது சிப்பி.