எழுவாய் எங்கே?

“‘வில் டூ’வா? யாரு டூ? நீயா, நானா, கீழ்வீட்டு ஜெயபாலா? எழுவாய் எங்கேடி?”

பட்டாபியின் மனைவி சுந்தரவல்லி லேப்டாப்பைத் திறந்தாள். சனிக்கிழமை, மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

“இண்டர்வியூன்னா விளையாட்டா?” பட்டாபி விடவில்லை. “முழு வாக்கியமாப் பேசுன்னா, அதுக்கே ‘வில் டூ’ங்கறே. எங்க டைரக்டர் சங்கரநாராயணன் சார், போன மாசம் ரிடயர் ஆற வரைக்கும் ஒரு தடவை எழுவாயை விட்டிருப்பாரா?”

பட்டாபிக்கு இங்கிலீஷ் என்றால் சங்கரநாராயணன் சார்தான். ஆபீஸ் பார்ட்டிகளில் அவர் எதிரில் சுந்தரவல்லியை வாய் திறக்கவே விட்டதில்லை. அந்த ரோஷத்தில்தான் அவள் நாலு வருஷமாகக் கரோல் பாகில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போய்வந்தாள்.

போன மாதம்கூட லட்டுவோடு வந்து, “காட் ப்ரமோட்டட்!” என்று குதித்தாள். “யாரு ப்ரமோட்டட்? ‘ஐ’ எங்கே?” என்று திருத்திவிட்டு, அடுத்த லெவல் கிளாஸ் போலிருக்கிறது என்று பட்டாபி லட்டுவைத் தின்றார்.

“சத்தம் போடாம இருங்கோ” என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். பட்டாபி லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவள் பேசுவது மட்டும்தான் அவருக்குக் கேட்டது.

“மார்னிங்! ஆல் ஸெட்.”

‘குட்’டையும் முழுங்கிவிட்டாளே!

“ஸவுண்ட்ஸ் குட்... மேக்ஸ் சென்ஸ்... காட் இட்.”

பட்டாபி தலையில் அடித்துக்கொண்டார். பேப்பர் ஓரத்தில் ‘ஐ’ என்றும் ‘இட்’ என்றும் கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிக் காட்டினார். அவள் நிமிரவேயில்லை. மலைமந்திர் முருகா, இவளுக்கு இந்த வேலை மட்டும் கிடைச்சுடட்டும் என்று வேண்டிக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கியது.

“ஸீ யூ மண்டே!” சுந்தரவல்லி சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினாள்.

“வேலை கிடைச்சுடுத்தா? இந்த அரைகுறை இங்கிலீஷுக்கா?”

“கிடைச்சுடுத்து. பாவம், அவருக்குக் குரலே நடுங்கித்து.”

“யாருக்கு?”

“இண்டர்வியூவுக்கு வந்தவருக்கு. நான்தானே அந்தக் கரோல் பாக் கிளாஸுக்கு இப்போ சென்டர் ஹெட்? டீச்சரானப்போவும் சொன்னேன், ப்ரமோஷன் ஆனப்போவும் சொன்னேன். நீங்க எழுவாயைத் தேடிண்டிருந்தேள்.”

பட்டாபி ‘ஐ’ எழுதின பேப்பரை மெல்ல மடித்தார்.

“அவர் பேச்செல்லாம் ஒரே ஃபைல் பாஷை. ரெண்டு மாசம் பழகினா சரியாயிடும். என்னை அடையாளமே தெரியலை. பார்ட்டியில நான் வாயைத் திறந்திருந்தாத்தானே?”

“யாருடி அது?”

“உங்க சங்கரநாராயணன் சார்தான். திங்கட்கிழமையிலேர்ந்து எங்கிட்ட வேலை பார்க்கப்போறார்!”