பத்து சென்டிமீட்டர்

"என்னைக் குள்ளனாக்கிட்டா இவ!"

செரிக்போல் போட்ட கத்தல் கரகண்டா நகரத்துச் செயற்கைக்கால் பட்டறை முழுவதும் கேட்டது.

நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இறங்கி, அவனுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டன. நடை பழகும் கம்பிகளுக்கு நடுவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்த புதுக் கால்களை நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் விரல் நீட்டியது கணினி முன்னால் இருந்த கம்ஷாத்தை நோக்கி. செயற்கைக்காலின் உயரத்தைத் தீர்மானிக்கும் குழாய்களை எங்கள் பட்டறையில் வரைபவள் அவள்தான்.

"நான் எவ்வளவு உயரம்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, மரியாதையாப் பேசுங்க" என்றேன்.

"விடுங்க புலாத். அவருக்கு அப்படித்தான் பழக்கம்" என்றாள் என்னிடம்.

குழாயின் மாதிரி வெளிநாட்டிலிருந்து கோப்பாக வந்தது. திரையில் வெறும் கட்டியான உருவம். உள்ளே மாற்றக்கூடிய அளவு ஒன்றுகூடக் கிடையாது. அப்படியே பிடித்து இழுத்தால் திருகுத் துளைகளும் சேர்ந்து நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். கம்ஷாத் அதைத் திரையிலேயே நடுவில் வெட்டி, வேண்டிய அளவுக்கு நீளும்படி ஒரு துண்டைச் சேர்த்தாள். இரண்டு முனைகளும் அசையாது. பக்கத்திலேயே ஓர் அட்டவணை: ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு நீளம். ஒருவருடைய எண்ணை மாற்றினால் அவருடைய குழாய் மட்டும் மாறும்.

இது செரிக்போலின் காதுக்கும் போயிருந்தது.

"ஒரு நம்பரைத் தட்டினாப் போதுமாமே. தட்டேன்! கை வலிக்குதா?"

அவள் தட்டவில்லை.

இரண்டு காலும் இல்லாதவரைப் பழைய உயரத்தில் நிறுத்தக் கூடாது, சற்றுக் குறைத்தால்தான் விழாமல் நடப்பார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை குறைக்கலாம், பார்த்துச் செய்யுங்கள் என்று அவளிடம் விட்டுவிட்டார்.

அவள் பத்து குறைத்தாள்.

ஐந்து போதாதா என்று நான் அப்போதே கேட்டேன். "விழுந்தா யாரு தூக்குறது?" என்றாள். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுந்திருங்கண்ணே" என்று இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். கம்பிகளை இறுகப் பற்றி எழுந்தான். தோள்கள் நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது.

நின்றுவிட்டான்.

கம்ஷாத் எழுந்து வந்தாள். கம்பிகளுக்கு இடையே போய், அவனுக்கு நேர் எதிரே, மூச்சு படும் தூரத்தில் நின்றாள். இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. மில்லிமீட்டர் பிசகில்லை.

அவன் அவள் கண்களைப் பார்த்தான். பிறகு அவன் முகம் கறுத்தது.

"வேணும்னே பண்ணியிருக்கேடி."

வலது கை கம்பியை விட்டது. விரித்த உள்ளங்கை அவன் காதுவரை உயர்ந்தது. யோசித்துத் தூக்கிய கையாக எனக்குத் தெரியவில்லை. பழகிய கை.

கம்ஷாத் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

அவன் உடம்புதான் சாய்ந்தது. கை அவசரமாக இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"பதினோரு வருஷம் உன்னை அண்ணாந்து பார்த்தே குடும்பம் நடத்தினேன்" என்றாள் அவள். "இப்ப நேராப் பாரு."

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

செரிக்போல் என் பக்கம் திரும்பினான். "தம்பி, நீயாவது சொல்லு. அஞ்சு சென்டிமீட்டராவது ஏத்தச் சொல்லு."

நான் குனிந்து, குழாயின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன்.