ரேடியோவுக்கு வயசாகணும்

ரெங்கசாமி புத்தம்புது ரேடியோவைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்தால் சாமி வந்தவர் மாதிரி இருந்தது. அடிச் சத்தம் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது.

எஸ்டேட் லோரி ஓட்டும் டொனால்ட் பக்கத்து வீட்டிலிருந்து கோப்பிக் குவளையோடு ஓடிவந்தான். "அண்ணே, கிறுக்குப் புடிச்சிருச்சா? முந்தாநேத்துதானே வாங்குனீங்க?"

"அதான்டா வம்பே! புதுசுன்னா மெட்ராஸ் கஸ்டம்ஸ்ல டூட்டியத் தீட்டிருவாங்களாம். சொந்தத்துக்கு வச்சிருந்த பழசுன்னா சும்மா விட்டுருவாங்களாம். மச்சான் சொல்லி அனுப்பியிருக்கான்."

"பார்சல்ல போட்டுற வேண்டியதுதானே?"

"ரிங்லெட் டவுன் தபாலாபீஸ்ல கேட்டேன். அந்தக் கூலிக்கு இன்னொரு ரேடியோ வாங்கலாம்லா!"

அடுத்த வாரம் கப்பல். ஊரில் தங்கச்சி கல்யாணம். இருந்த காசெல்லாம் போகிற டிக்கெட்டுக்கும் இந்த ரேடியோவுக்கும் சரியாகப் போய்விட்டது. திரும்பி வரும் டிக்கெட்டே இந்த ரேடியோதான்.

திருச்சியில் மச்சான் ஆள் பார்த்து வைத்திருந்தான். மேலே கீறல் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே மெஷின் மட்டும் புதுசாக இருந்தால் நல்ல விலை. விற்காமல் போனால் ரெங்கசாமி அங்கேயே மாட்டிக்கொள்வார். லீவு முடிந்து வந்து நிற்காவிட்டால் எஸ்டேட் துரை வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவார். அப்புறம் லைன் வீடும் போச்சு, பெண்டாட்டி பாஞ்சாலையும் பிள்ளைகளும் தெருவில்தான். அதை நினைக்க நினைக்கச் செருப்பை இன்னும் ஓங்கினார்.

"ஏங்க, சாயத்தண்ணி போதுமா?" பாஞ்சாலை ரேடியோவின் தலையில் தேத்தண்ணீரை ஊற்றினாள்.

"நல்லா ஊத்து புள்ள. அந்தப் பழைய பச்ச ரேடியோ இருந்திருந்தா அதையே தூக்கிட்டுப் போயிருப்பேன். நீதானே போன தீவாளிக்கு என் மண்டையக் குறி வச்சு எறிஞ்சே!"

"குடிச்சிட்டு வந்து ஊருக்கே பாட்டு அலற விட்டா, எறியாம ஆலாத்தியா எடுப்பாங்க? ஒங்க மண்ட தப்பிச்சிருச்சு. ரேடியோவுக்குத்தான் செவுத்துல பட்டு மூல பேந்துச்சு."

"சரி சரி, அதான் பழைய சாமான்காரன்கிட்ட வந்த வெலைக்குத் தள்ளியாச்சே. தேத்தண்ணிய ஊத்து."

டொனால்டுக்கு வேலை பிடித்துப்போனது. "டப்பா எங்கண்ணே? அத மறைச்சிருங்க."

"டப்பாவே இல்லடா. வேன்ல கொண்டாந்து வித்தான்ல அமிர்தலிங்கம், அவனே தூக்கிப் போட்டுட்டானாம். 'டப்பா இருந்தா காட்டிக் குடுத்துரும்லா அண்ணே'ன்னான். வெவரமான பய!"

"அப்ப நான் ஒரு வழி சொல்றேன். உள்ள நாலு கரப்பான் பூச்சிய விடுவோம். தொறந்து பாத்தான்னா மூக்கப் பொத்திக்கிட்டு, எடுத்துட்டுப் போய்யான்னுருவான்."

ரெங்கசாமிக்கு மூச்சு முட்டச் சிரிப்பு. பாஞ்சாலை அடுப்படியில் துழாவி, கொழுத்ததாகப் பார்த்து நாலு பிடித்து மைலோ டின்னில் போட்டுக்கொண்டு வந்தாள்.

டொனால்ட் திருகாணிகளைக் கழற்றி, ரேடியோவின் பின்பலகையை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் டின்னைத் திறக்கவேயில்லை.

"அண்ணே, இங்க ஏற்கெனவே ஒரு குடும்பமே குடியிருக்குலா."

"புது ரேடியோவுலயா?"

ரெங்கசாமிக்குப் பகீரென்றது. கீறல் போட வைத்திருந்த உப்புத்தாளை எடுத்து ரேடியோவின் மூலையில் பரபரவென்று தேய்த்தார். கறுப்புப் பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. விடாமல் தேய்த்தார். பெயிண்டுக்குள் பள்ளத்தை அடைக்க அப்பி வைத்திருந்த மக்கு பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது.

"அடப்பாவி அமிர்தலிங்கம்! பழச முழுக்காட்டி என் தலையில கட்டிட்டானே! போச்சே, டிக்கெட்டு போச்சே!" ரெங்கசாமி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாஞ்சாலை குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவினாள். நிமிர்ந்து புருஷனின் மண்டையைப் பார்த்தாள்.

"ஏங்க, கஸ்டம்ஸ்ல பொய்யே சொல்ல வேணாம். இது நான் ஒங்க மேல எறிஞ்சதுதான்."