மங்கை சொன்ன அர்த்தம்

“ஈ பாட்டக்கு அர்த்தம் ஏமம்மா?”

இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கன்னையா கேட்டதும் அலர்மேல்மங்கை அண்ணனைப் பார்த்தாள். ஆதிநாராயணன் கண்ணைச் சிமிட்டினான்.

ஊரை விட்டுப் போன பிள்ளையை ஒரு அம்மா திரும்பி வரச் சொல்கிறாள் என்று, தெரிந்த தெலுங்கில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னையா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு மவுத் ஆர்கனை வாயில் வைத்தார்.

பாட்டில் அம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. ‘வந்தவனே, மூட்டை கட்டு, எங்கள் கிணற்றில் உன் நிழலுக்கும் இடமில்லை’ என்று தெலுங்கர்களைப் பார்த்து அவள் எழுதியது.

எட்டாவது படிக்கும்போது பள்ளியில் தமிழ் வகுப்பை எடுத்துவிட்டார்கள். அன்றோடு நின்றவள், அரிசிப் பானைக்குப் பின்னால் நோட்டுகளை ஒளித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, அவர்கள் ஊரான புத்தூர் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நோட்டைக் கண்டுபிடித்த அண்ணன், ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கேட்கும் எல்லைக் கூட்டத்தில் அவளே மேடையேறிச் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

வெறும் குரலில் நாலு பேர் முன்னால் பேச அவளால் ஆகாது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூடவே ஏதாவது வாசித்தால் பேசிவிடுவேன் என்றாள். அண்ணன் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் கன்னையாவை அழைத்துவந்தான்.

“கூடூர்லேர்ந்து மாத்தலாயி வந்துகிறான். தமிழ்ல ஒரு சொல்லு தெரியாது. நமக்கு அதான் தோது.”

“பாவம் இல்லியாண்ணா?”

“இன்னா பாவம்? அவன் சொத்தையா எழுதி வாங்கறோம்? ஊதுன்னா ஊதப் போறான்.”

யுத்தத்தின்போது சென்னைத் துறைமுகத்தில் ஒரு கறுப்பு அமெரிக்கச் சிப்பாயிடம் மவுத் ஆர்கன் கற்றவர் கன்னையா. ப்ளூஸ் என்று அதற்குப் பேர் சொன்னார். சுரத்தை அவர் வளைத்து இழுத்தால், பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் இருக்கும். ஊதினாலும் சத்தம், இழுத்தாலும் சத்தம், மூச்சுக்காக நிறுத்தவே வேண்டாம் என்று அண்ணனுக்கு வாசித்துக் காட்டினார்.

அவர் வாசிக்க வாசிக்க, மங்கையின் குரலில் நடுக்கம் போய்விட்டது. கிணறு வரும் வரியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசிப்பு நின்று, அவள் குரல் தனியாகக் கேட்டது. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் ஒத்திகை. தினமும் ஆரம்பிக்கும் முன் அவர் அதையே கேட்டார். தினமும் அவள் அந்தப் பொய்யையே சொன்னாள். “ஞாபகமே நிக்காது போல இருக்குது இந்தாளுக்கு” என்று அண்ணன் சிரித்தான்.

ஆறாம் நாள், ரேணிகுண்டாவில் வாங்கியது என்று அவளுக்கு ஒரு புது நோட்டைக் கொடுத்தார் கன்னையா. மங்கையால் அதில் ஒரு எழுத்துகூட எழுத முடியவில்லை.

“அவருகிட்ட நெசத்தைச் சொல்லிடறேண்ணா.”

“சொல்லேன். அவன் எழுந்து போயிடுவான். நீ மேடையில ஊமைச்சியாட்டம் நில்லு.”

அவள் சொல்லவில்லை.

கூட்டத்தன்று சந்தை மைதானம் நிரம்பியிருந்தது. மங்கை ஒரு இடத்திலும் தடுக்காமல் சொல்லி முடித்தாள். கைதட்டல் அடங்குமுன் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, “தெலுங்குக்காரனே ஊதி ஊதித் தெலுங்குக்காரனைத் தொரத்திட்டான்டா!” என்று கத்தினான். மைதானமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்காமல் கன்னையா மேடையை விட்டு இறங்கினார்.

அண்ணன் போட வந்த மாலையை வாங்காமல் மங்கை பின்னாலேயே ஓடினாள். கொட்டகைக்குப் பின்புறம் கன்னையா மவுத் ஆர்கனைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சந்திரம்மா, “இருடா கண்ணு, போலாம்” என்று இடுப்பிலிருந்த குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

மங்கை தெலுங்கில்தான் ஆரம்பித்தாள். வார்த்தை கிடைக்காமல், அழுகை முட்டித் தமிழுக்கு மாறினாள். அம்மா, பிள்ளை எல்லாம் பொய். பாட்டு உங்களை விரட்டுகிற பாட்டு. தெரிந்தால் வாசிக்க மாட்டீர்கள் என்று பயந்தேன் என்று கொட்டித் தீர்த்தாள்.

கன்னையா நிமிரவில்லை.

“அக்கா, உங்களுக்குத் தமிழ் வருது. நான் சொன்னதை அவருக்குத் தெலுங்குல சொல்லுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

சந்திரம்மா குழந்தையைப் புருஷன் தோளுக்கு மாற்றினாள்.

“தெலுங்குல எதுக்கும்மா? அவரு பள்ளிப்பட்டுல தமிழ் படிச்சவரு. மேடை ஏறதுக்குள்ள நீயா சொல்லிடுவேன்னு காத்துக்கினு இருந்தாரு.”

கன்னையா குழந்தையோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.